பெபோவின் செந்தட்டிக் கட்டு

ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியில் நான் முதன்முதலில் ஆசையாகச் சாப்பிட்ட பண்டம் செந்தட்டி. நம்மூர் செந்தட்டியும் அங்கே வளர்வதும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். பட்டால் அரித்துத் தடிப்பதில் இரண்டும் ஒன்று என்பதால் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன். ஜார்ஜிய மொழியில் ச்சின்ச்சாரி. வசந்த காலத்தில் கொழுந்தை மட்டும் கிள்ளி, கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்துப் பிழிந்துவிட்டால் அரிப்பு போய்விடும். அப்புறம் வால்நட், பூண்டு, கொத்தமல்லி, கொஞ்சம் வினிகர் சேர்த்து அரைத்து உருண்டை பிடித்து, மேலே நாலு மாதுளை முத்து. பெயர் ப்காலி. "கீரைத் துவையல் மாதிரிம்மா" என்று வீட்டுக்குப் போனில் சொன்னேன். "அரிக்கிற செடியையா திங்குற?" என்று அம்மா பதறினாள்.

2011 இலையுதிர் காலத்தில் மருத்துவம் படிக்க அங்கே போனேன். சபுர்த்தாலோ பகுதியில், சோவியத் காலத்து ஒன்பது மாடிக் குடியிருப்பில், ஒரு பாட்டியின் வீட்டில் ஓர் அறை. அந்தக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறக் காசு போட வேண்டும். உண்டியல் மாதிரி ஒரு பெட்டி உள்ளே இருக்கும். பாட்டி ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. நான் அவரைப் பெபோ என்பேன். அங்கே பாட்டியைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு நான் கோகோ, அதாவது பொண்ணு. ஆறு வருடமும் என் பெயர் அவர் வாயில் நுழையவே இல்லை.

எனக்கு ஜார்ஜிய மொழி கற்றுக்கொடுத்தது பெபோவின் புலம்பல்தான். சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து பழைய கதைகளைச் சொல்வார். பாதி புரியும். அதிகம் வந்தது அவருடைய தம்பி கதை. தம்பி நாடகக் கம்பெனிக்கு உடை தைப்பார். தம்பி வீட்டில் இன்னொருவர் உண்டு. அவர் நன்றாகச் சமைப்பார், கோபக்காரர், கடைசியில் நோயில் விழுந்தபோது தம்பிதான் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பார்த்துக்கொண்டார். அந்த இன்னொருவரைத் தம்பியின் மனைவி என்றே நினைத்துக்கொண்டேன். ஜார்ஜிய மொழியில் பால் வேறுபாடு கிடையாது. அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே சொல், இஸ். தமிழில் வாயைத் திறந்தால் அவனா அவளா என்று முடிவு செய்தாக வேண்டும். தப்பிக்க வேண்டுமானால் மரியாதையைக் கூட்டி 'அவர்' என்று ஒதுங்கலாம். ஜார்ஜியருக்கு அந்தச் சங்கடமே இல்லை. 'இஸ் சமைத்தது, இஸ் கோபித்தது, இஸ் போய்விட்டது' என்று ஒரு முழு வாழ்க்கையையும் சொல்லி முடித்துவிடலாம், கேட்கிறவள் தனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். ஒன்றரை வருடம் நான் அப்படித்தான் நிரப்பி வைத்திருந்தேன்.

2013-இல் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 5 அன்று வந்தது. ஈஸ்டருக்கு அங்கே எல்லோரும் கல்லறைக்குப் போவார்கள். மஞ்சிட்டி வேரில் வேகவைத்துச் சிவப்பாக்கிய முட்டைகளைக் கல்லறைமேல் உருட்டி, கொஞ்சம் ஒயின் ஊற்றி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கூடை தூக்க நான் போனேன். பச்சை பெயின்ட் அடித்த இரும்பு வேலிக்குள் இரண்டு கற்கள். இரண்டிலும் முகம் செதுக்கியிருந்தது. ஒன்று தம்பி. மற்றது, அடர்ந்த புருவமும் மீசையுமாக ஓர் ஆண்.

"இது யாரு பெபோ?"

"தம்பியோட மெகோபாரி. சொல்லியிருக்கேனே."

மெகோபாரி என்றால் நண்பர். 'கோபி' என்ற மரத்தட்டிலிருந்து வந்த சொல்லாம், ஒரே தட்டில் சாப்பிடுகிறவர். பெபோ ஒரு முட்டையைத் தம்பியின்மேல் உருட்டினார், இன்னொன்றை அந்த மீசைக்காரர்மேல். நான் வாயடைத்து நின்றேன். அவர் எதையும் மறைத்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை, எதையும் சொன்னதாகவும் தோன்றவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, மே 17, வெள்ளிக்கிழமை. காலையில் பெபோ கையுறை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு பெரிய கட்டு செந்தட்டியோடு வந்தார்.

"இன்னிக்கு ப்காலியா?"

"இல்லை கோகோ. இது வேற வேலைக்கு."

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, தேவாலயத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு நகரின் முக்கிய வீதியான ருஸ்தாவேலி அவென்யூவுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு மறுவாரம் உடலியங்கியல் தேர்வு. படித்துக்கொண்டிருந்தேன். பகலில் டிவியைப் போட்டபோதுதான் அந்த வேறு வேலை என்னவென்று தெரிந்தது.

அந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு, மருத்துவ மாணவியான எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்தது 1990 மே 17-இல். அதனால்தான் உலகமெங்கும் அந்த நாளில் ஊர்வலம் போகிறார்கள். திபிலீசியில் முதல் ஊர்வலம் 2012-இல் ஐடென்டோபா என்ற அமைப்பு நடத்தியது. ஒரு சிறு கூட்டம் பதாகையோடு ருஸ்தாவேலியில் நடந்தது, மதக் குழுக்கள் மறித்து அடித்தன. அடுத்த வருடம் மறுபடி கூடப்போகிறோம் என்றார்கள். முந்தின நாள் பாத்ரியார்க் இரண்டாம் இலியா, 1977-இல் ஜார்ஜியத் திருச்சபையின் தலைவரானவர், கூட்டத்தை அரசு தடை செய்ய வேண்டும் என்று அறிக்கை விட்டார். தன்பாலீர்ப்பு ஒரு பிறழ்வு, ஒரு நோய் என்றார். நோயில்லை என்று சொன்ன நாளைக் கொண்டாட வந்தவர்களுக்கு அதற்கு முந்தின நாளே நோய் என்று சான்றிதழ். அரசு தடை செய்யவில்லை, காப்பாற்றவும் இல்லை.

டிவியில் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. வந்திருந்த ஆர்வலர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள். எதிரே ஆயிரக்கணக்கில் கூட்டம், இருபதாயிரம் வரை என்றும் செய்திகள் சொல்லின. கறுப்பு அங்கிப் பாதிரியார்கள் முன்னே நிற்க, போலீஸ் சங்கிலி அறுந்தது. ஆர்வலர்களை அவசரமாகப் பேருந்துகளில் ஏற்றினார்கள். கூட்டம் பேருந்தைச் சூழ்ந்து கண்ணாடியை உடைத்தது. ஒரு பாதிரியார் கையில் மர ஸ்டூல். அந்த ஸ்டூல்தான் அப்புறம் அந்த நாளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கேமரா ஓர் ஓரமாகத் திரும்பியபோது கிழவிகள் வரிசையாக நின்றார்கள், கையில் செந்தட்டிக் கட்டு. சின்ன வயதில் குறும்பு செய்த பிள்ளைகளை அடிக்கிற மாதிரி அடிக்கப்போகிறார்களாம். பெபோ முகம் தெரிகிறதா என்று திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். தெரியவில்லை.

சாயங்காலம் கால் வலியோடு வந்தார். கட்டு வாடியிருந்தது. யாரையாவது அடித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முற்றின தண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு, நுனிக் கொழுந்துகளைத் தண்ணீரில் அலசி வைத்தார். மறுநாள் ப்காலி. நானும் சாப்பிட்டேன், வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. இதை எழுதத்தான் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பெபோவைப் பொல்லாதவர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். பல வருடம் கழித்து அவருடைய பேத்தி எனக்கு ஒன்று சொன்னாள். பேத்தி என் வயதுக்காரி, பெர்லினுக்குப் போய்த் திரும்பி வந்தவள். தம்பித் தாத்தா எழுபதுகளில் மூன்று வருடம் சிறையில் இருந்தாராம். எந்தப் பிரிவு என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாலின் காலத்தில், 1934-இல் வந்த சட்டம் அது. ஆணும் ஆணும் கூடினால் ஐந்து வருடம் வரை சிறை. பெண்களைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை, அவர்களுக்கு மனநல மருத்துவமனையும் கட்டாயக் கல்யாணமும் இருந்தன. சிறைக்குள் இந்தப் பிரிவில் வந்தவன் கைதிகளிலேயே கடைசிச் சாதி. அவன் தட்டை மற்றவர்கள் தொடமாட்டார்கள். மெகோபாரி என்ற சொல்லை நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சட்டம் யாரைக் கவிழ்க்கவும் கைவசமிருந்த கருவி. திரைப்பட மேதை செர்கெய் பராஜானவ் திபிலீசியில் பிறந்த ஆர்மீனியர். 1973 கடைசியில் கீவில் கைதாகி, இந்தப் பிரிவும் சேர்த்துச் சுமத்தப்பட்டு, ஐந்து வருடத் தண்டனை பெற்றார். பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோன் சோவியத் தலைவர் பிரெஷ்னெவிடம் நேரில் பேசியது வரை போனபிறகு நாலு வருடத்தில் வெளியே வந்தார். இன்று திபிலீசியின் பழைய நகரத்தில் அவர் சுவரிலிருந்து பறந்து வருகிற மாதிரி ஒரு சிலை இருக்கிறது. ஜோடி ஜோடியாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே போனது எந்த வழக்கில் என்று கைடுகள் அநேகமாகச் சொல்வதில்லை.

சோவியத் போனது. சட்டம் 2000-இல் போனது. யாரும் தெருவில் இறங்கிக் கேட்டதால் போகவில்லை. 1999-இல் ஜார்ஜியா ஐரோப்பிய கவுன்சிலில் சேர்ந்தது, சேர்ந்தவர்கள் அந்தச் சட்டத்தை வைத்திருக்கக்கூடாது, எடுத்தார்கள். அவ்வளவுதான். தெரு அதைக் கவனிக்கவே இல்லை. இதில் நான் கெத்தாகப் பேச ஒன்றுமில்லை. அதே 2013 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 377-ஆம் பிரிவைத் திருப்பிக் கொண்டுவந்தது. சட்டம் போன ஊரில் அடி, அடி குறைவான ஊரில் சட்டம். 2018 வரை என் பாஸ்போர்ட் நாட்டில்தான் அது குற்றம்.

இந்தப் போராட்டத்தின் பலம், பலவீனம் இரண்டுமே ஐரோப்பா என்று எனக்குப் படுகிறது. 2014 மே மாதம் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. பாலீர்ப்பும் பாலின அடையாளமும் அதில் பெயர் சொல்லியே இருந்தன. திருச்சபை எதிர்த்தும் நிறைவேறியது, ஏனென்றால் விசா இல்லாமல் ஐரோப்பா போக அது ஒரு நிபந்தனை. 2017 மார்ச்சில் விசா விலக்கு வந்தபோது ஊரே கொண்டாடியது, பெபோ உட்பட. ஆனால் நிபந்தனையாக வந்த உரிமைக்கு உள்ளூரில் வேர் பிடிக்கவில்லை. எதிர்ப்பவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடத்தைச் சொல்லி 'பிரஸ்ஸல்ஸ் சரக்கு' என்று ஒதுக்க வாகாகிப்போனது. அந்தச் சட்டம் வந்த அதே மே மாதத்தில், திருச்சபை மே 17-ஐக் 'குடும்பப் புனித நாள்' என்று அறிவித்தது. 2013-இல் கல்லால் அடித்துப் பிடித்த இடத்தை 2014-இல் ஆராதனையோடு பட்டா போட்டுக்கொண்டார்கள். அதன்பின் அந்தத் தேதியில் ருஸ்தாவேலியில் குடும்பம் குடும்பமாக ஊர்வலம். யாருடைய நாளோ அவர்கள் மட்டும் அன்று வீட்டுக்குள்.

தெருவில் இறங்கலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை இருந்தது. 2000-இலேயே பெண்கள் சேர்ந்து தொடங்கிய ஓர் அமைப்பு உண்டு, பெண்கள் முயற்சிகளுக்கான ஆதரவுக் குழு. லெஸ்பியன் பெண்களின் ஆரோக்கியம், வீட்டு வன்முறை, வழக்கு உதவி என்று சத்தமில்லாமல் வேலை பார்த்தவர்கள். 2019-இல் திபிலீசி பிரைடு என்ற புதுக் குழு ஊர்வலம் என்றபோது, சமூகத்துக்குள்ளேயே பலர் தலையில் கைவைத்தார்கள். "ஒரு நாள் நீங்க கொடி பிடிப்பீங்க, மறுநாள் வீட்டுக்காரர் என்னை வெளியே போகச் சொல்வார்" என்று பெபோ கட்டடத்திலேயே குடியிருந்த ஒரு பையன் என்னிடம் சொன்னான். அவன் சொன்னதை அலட்சியம் செய்ய முடியாது. ஊர்வலக்காரர்களின் பதில்: ஒளிந்திருந்ததால் யார் பிழைத்தார்கள்? பெபோவின் தம்பி ஒளிந்துதானே இருந்தார். நான் மெல்ல மெல்ல இரண்டாம் கட்சிக்கு வந்தவள். ஆனால் அது நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு எடுக்கிற கட்சி. அந்தப் பையனின் வாடகையை நான் கட்டப்போவதில்லை.

தெரு கிடைக்காதபோது தரைக்கடியில் போனார்கள். தினாமோ கால்பந்து அரங்கத்தின் அடியில் பழைய நீச்சல் குளம். அதில்தான் பாசியானி என்ற இரவு நடன விடுதி. இன்னார் இன்னாரோடு ஆடக்கூடாது என்று கேட்க அங்கே ஆளில்லை. தன்பாலீர்ப்பாளர்களுக்கென்றே தனி இரவுகளும் நடந்தன. 2018 மே மாதம் ஆயுதப் போலீஸ் உள்ளே புகுந்தது. மறுநாள் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நாடாளுமன்றத்தின் முன் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்து ஆடினார்கள். அதே ருஸ்தாவேலி. அந்த வீடியோவை ஹவுஸ் சர்ஜன் அறையில் உட்கார்ந்து நாலு தடவை பார்த்தேன்.

நீதிமன்ற வழியும் சும்மா இல்லை. 2012 அடிக்காக ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015-இலும், 2013 அடிக்காக 2021 டிசம்பரிலும் ஜார்ஜியா மேல் தீர்ப்புச் சொன்னது. இரண்டாம் தீர்ப்பு அதிகாரிகள் கண்டும் காணாமலும் இருந்ததைக் கிட்டத்தட்ட உடந்தை என்றே பேசுகிறது. தீர்ப்புகள் நல்ல தீர்ப்புகள். ஆனால் அந்த இரண்டாம் தீர்ப்பு வருவதற்கு ஐந்து மாதம் முன்னால், 2021 ஜூலை 5 அன்று, பிரைடு அலுவலகத்துக்குள் ஆட்கள் பால்கனி ஏறிப் புகுந்து சூறையாடினார்கள். பிரதமர் காரிபாஷ்விலி, மக்களில் 95 சதவீதம் பேருக்கு ஊர்வலம் பிடிக்கவில்லை என்றார். ஐம்பதுக்கு மேற்பட்ட பத்திரிகையாளர்கள் அன்று தாக்கப்பட்டார்கள். அடிபட்ட ஒளிப்பதிவாளர் லெக்ஸோ லாஷ்கராவா ஆறு நாள் கழித்து வீட்டில் இறந்துகிடந்தார். 2023-இல் ஊரை விட்டுத் தள்ளி லிஸி ஏரிக்கரையில் விழா வைத்தார்கள், அங்கேயும் கூட்டம் வந்து மேடையைப் பிரித்துக் கொடிகளை எரித்தது.

நடுவே ஒரு கால்பந்துக்காரரைச் சொல்ல வேண்டும். குராம் காஷியா. நெதர்லாந்தில் வித்தெஸ்ஸே அணித் தலைவராக இருந்தபோது, 2017 அக்டோபரில் ஒரு நாள், தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவைக் காட்டும் வானவில் பட்டையைக் கையில் கட்டி ஆடினார். அந்த நாட்டில் அன்று எல்லா அணித் தலைவர்களும் கட்டினார்கள், ஆனால் திபிலீசியில் கால்பந்துக் கழகத்தின் வாசலில் கொடி எரிந்தது, அவரை தேசிய அணியிலிருந்து நீக்கச் சொன்னார்கள். கழகம் நீக்கவில்லை, அவரும் பின்வாங்கவில்லை. 2024 ஜூன் 26 அன்று யூரோ கோப்பையில் ஜார்ஜியா போர்ச்சுகலை 2-0 என்று வென்றபோது பின்கள வரிசையில் நின்றவர் அவர்தான். ஊர் விடிய விடிய ஆடியது. மறுநாள், ஜூன் 27, நாடாளுமன்றத்தில் 'குடும்ப மதிப்புகள் மற்றும் சிறார் பாதுகாப்பு' மசோதாவுக்கு முதல் வாக்கெடுப்பு. காஷியாவுக்குக் கைதட்டிய கை காய்வதற்குள் என்று சொல்லத் தோன்றுகிறது.

செப்டம்பர் 17-இல் மசோதா நிறைவேறியது. 84 ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். எதிர்க்கட்சிகள் அவைக்கு வரவே இல்லை. தன்பால் திருமணம், தத்தெடுப்பு, பாலின மாற்றச் சிகிச்சை, ஆவணத்தில் பாலினம் மாற்றுவது எல்லாவற்றுக்கும் தடை. ஊர்வலத்துக்கும், படத்திலும் பாடத்திலும் காட்டுவதற்கும் தடை போட வழி. அதிபர் ஜூராபிஷ்விலி கையெழுத்துப் போட மறுத்தார், சபாநாயகர் போட்டார். ரஷ்யா 2013-இல் கொண்டுவந்த 'பிரச்சாரத் தடை'ச் சட்டத்தை ஞாபகம் இருப்பவர்களுக்கு இந்தத் துணி எந்தக் கடைத் துணி என்று புரியும். பிரஸ்ஸல்ஸ் சரக்கு வேண்டாம் என்றவர்களுக்கு மாஸ்கோ சரக்கில் கூச்சமில்லை. சட்டம் நிறைவேறிய மறுநாள் கெஸாரியா அப்ரமீட்ஸே தன் வீட்டில் குத்திக் கொல்லப்பட்டார். நாட்டில் பலரும் டிவியில் பார்த்து அறிந்த திருநங்கை, மாடல், வயது 37.

சோவியத் இருந்த இடமெல்லாம் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. எஸ்தோனியாவில் 2024 ஜனவரி 1 முதல் தன்பால் திருமணம் சட்டபூர்வம். லாத்வியாவின் அதிபர் ரின்கேவிச்ஸ் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று பல வருடம் முன்பே சொல்லிக்கொண்டவர். உஸ்பெகிஸ்தானில் அந்தப் பழைய சோவியத் பிரிவின் வாரிசு இன்னும் அமலில் இருக்கிறது. ஒரே சட்டப்புத்தகத்திலிருந்து கிளம்பியவர்கள்தான் எல்லோரும்.

பெபோ 2020 குளிர்காலத்தில் போய்விட்டார். கொரோனா காலம், பேத்தி வீடியோவில்தான் காட்டினாள். எங்கே அடக்கம் செய்தார்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை.

2024-இல் ஈஸ்டர் மறுபடியும் மே 5-இல் வந்தது. மே 17 மறுபடியும் வெள்ளிக்கிழமை. ஒரே வித்தியாசம், அந்த வருடம்தான் அது அரசு விடுமுறையாகவே ஆகியிருந்தது. அன்றைக்கு மதியம் பேத்தியிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே இரும்பு வேலி. உள்ளே மூன்று கற்கள். மூன்றாவதில் தலைத்துணி கட்டிய பெபோ. கணவர் ஊரில், குதாயிஸியில், அவருக்கென்று இடம் இருந்ததாம். வேண்டாம், இங்கேதான் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாராம்.

"இன்னிக்கு லீவாச்சே. ஊர்வலத்துக்குப் போகலையா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"லீவுங்கறதாலதான் இங்க வந்தேன்" என்று குரல் செய்தி அனுப்பினாள். பின்னால் காற்றுச் சத்தம், எங்கோ தூரத்தில் மணி. வேலி துருப்பிடித்துவிட்டதாம். பெயின்ட் டப்பாவும் பிரஷும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

பெபோ எப்போதாவது அந்தப் பழைய மே 17-ஐப் பற்றிப் பேசியிருக்கிறாரா என்று எழுதினேன். நெடுநேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது.

"இல்லை. ஆனா இந்த வேலிக்குப் பெயின்ட் அடிக்கன்னு வருஷா வருஷம் பென்ஷன்ல இருந்து தனியா எடுத்து வைப்பார். கடையில பச்சை இல்லை, நீலம்தான் கிடைச்சுது. திட்டுவாரோ?"

திட்டுவார் என்று எழுதினேன்.